கப்பல் துணி

இராயபுரம் கடற்கரையை ஒட்டியிருந்த ஒரு கம்பெனியில்தான் எனக்கு முதல் உத்தியோகம் கிடைத்தது. துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு வேண்டியதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்க்கிற கம்பெனி அது. இறைச்சி, காய்கறி, குடிதண்ணீர், கயிறு, கரி அள்ளுகிற கூடை, கப்பல்காரர்களின் அழுக்குத் துணிக்குச் சலவை, எல்லாமே அதன் பொறுப்பு. ஆனால் கம்பெனி தன் கையால் எதையும் செய்யாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பிடித்து ஒப்பந்தம் எழுதிக்கொள்ளும். அந்த ஒப்பந்தக்காரர்கள் சொன்னபடி நடக்கிறார்களா, இன்னும் நடத்துகிற நிலையில் இருக்கிறார்களா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்வதற்கு என்னை வைத்திருந்தார்கள்.

மேசை உத்தியோகம் என்று நம்பித்தான் என் மாமனார் பெண் கொடுத்தார். நான் மேசையில் உட்கார்ந்ததைவிட வெயிலில் நடந்ததுதான் அதிகம். புளியந்தோப்பில் இறைச்சிக்காரர், திருவொற்றியூரில் கயிற்றுக்காரர், எண்ணூர் போகிற வழியில் கூடை முடைகிறவர்கள் என்று சுற்றிவிட்டு வந்து, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுக்க வேண்டும்: நடப்பு, தாமதம், அல்லது முறிவு. அதற்கு மேல் எழுதினால் ஹெட் குமாஸ்தாவுக்குப் பிடிக்காது. "கதை எல்லாம் வேண்டாமப்பா, நிலவரம் போதும்" என்பார். கெட்ட மனிதர் இல்லை. துரைக்கும் எங்களுக்கும் நடுவில் காலமெல்லாம் நின்று, இரண்டு பக்கத்து அடியையும் வாங்கியவர்.

சலவை ஒப்பந்தம் வண்ணாரப்பேட்டைக்காரர் ஒருவரிடம் இருந்தது. எல்லாரும் அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். கொருக்குப்பேட்டைப் பக்கம் ரயில் பாதையைத் தாண்டினால் ஒரு பெரிய குட்டை. அதன் கரையில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் துவைத்தன. எல்லாரும் அவருக்கு ஏதோ ஒரு வகையில் சொந்தம். எதிர்க்கரையில் அவருடைய தங்கையும் தங்கை கணவரும் தனியாக இரண்டு கல் போட்டுத் துவைத்தார்கள். அந்த மைத்துனருக்குக் கொஞ்சம் ரோசம் அதிகம். மச்சானுக்குக் கீழே கைகட்டி நிற்கப் பிடிக்காமல், ஊர்த்துணியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒதுங்கியவர். இருந்தாலும் வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டுக் குழம்பும் கரை மாறிக்கொள்ளும்.

மேஸ்திரிக்கு ஐம்பது வயதிருக்கும். உவர்மண்ணிலும் சோடாவிலும் ஊறி அவருடைய உள்ளங்கை இரண்டும் வெளுத்து, விரல் நுனியில் ரேகையே இல்லாமல் வழவழவென்று இருக்கும். முதலில் என்னைச் 'சாமி' என்றார். பிறகு 'கணக்குப்புள்ள' ஆனேன். அதன்பிறகு 'நைனா'. அவருக்கு ஒரே மகன். கலியாணத்துக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாய் ஓயாத பையன். தங்கள் கழுதைகளுக்கெல்லாம் கப்பல் அதிகாரிகளின் பட்டம் வைத்திருந்தான். "கப்பித்தான் இன்னிக்கு மூட்ட தூக்க மாட்டேங்குது, கணக்குப்புள்ள. சின்ன மாலுமியத்தான் அனுப்பப் போறேன்" என்று அவன் சொல்கிறபோது நான் சிரித்திருக்கிறேன். அந்தக் குட்டைக்கரையில் 'நடப்பு' என்ற சொல்லைத் தவிர வேறு எதையும் நான் எழுதியதே இல்லை.

முதல் உலக யுத்தம் முடியப்போகிற வருஷம் காய்ச்சல் வந்தது. பம்பாய்க் காய்ச்சல் என்றும் விஷக் காய்ச்சல் என்றும் சொன்னார்கள். ஏற்கெனவே அரிசி கிடைக்காமல் சனங்கள் வற்றிப்போயிருந்தார்கள். தலையை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்தவர்களை அப்படியே பாயில் படுக்கவைத்து, இரண்டொரு நாளில் எடுத்துக்கொண்டு போனார்கள். கிழவர்களை விட்டுவிட்டு வாலிபர்களைத்தான் தேடிப் பிடித்தது. கல்மண்டபத்துப் பக்கம் எங்கள் வாடகை வீட்டிலிருந்து பார்த்தால், மூலக்கொத்தளத்துச் சுடுகாட்டுப் புகை ஓயாமல் தெரிந்தது. என் மனைவி அப்போது முழுகாமல் இருந்தாள். முதல் பிள்ளை.

என் வேலையின் அர்த்தமே அந்த மாதத்தில் மாறிப்போயிற்று. சரக்கு எப்போது வரும் என்று கேட்கப் போன இடத்தில், ஆள் இருக்கிறாரா என்று கேட்க வேண்டியிருந்தது. கயிற்றுக்காரர் வீட்டில் கதவைத் தட்டியபோது அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்து, "இன்னாத்துக்குத் தட்டிகினு கீறே? அந்த வூட்ல கதவத் தெறக்க ஆரும் இல்ல" என்றாள். கூடை முடைகிற குடிசைகளில் முடைந்தபடி பாதியில் விட்ட கூடைகள் கிடந்தன. நான் அலுவலகத்துக்கு வந்து 'முறிவு' என்று எழுதினேன். ஹெட் குமாஸ்தா வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு வாசித்தார். வேறு ஆளைப் பிடிக்கச் சொன்னார். வேறு ஆள் எங்கே இருந்தார்?

வீடு திரும்பினால் என் மனைவி என்னை உள்ளே விடமாட்டாள். கிணற்றடியில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, போட்டிருந்த வேட்டி சட்டையை அங்கேயே அலசிப் பிழிந்துவிட்டுத்தான் படியேறலாம். "எங்கெங்க போனீங்க?" என்று மட்டும் கேட்பாள். நான் சொல்வேன். கேட்டுக்கொண்டே வயிற்றின்மேல் கையை வைத்துக்கொள்வாள்.

அந்த நாளில் ஒரு காலை, மேஸ்திரி எனக்கு ஆள் அனுப்பியிருந்தார். நானாகப் போவேனே தவிர அவர் கூப்பிட்டனுப்பியது அதுவே முதல் தடவை. போனபோது குட்டைக்கரையில் யாரும் துவைக்கவில்லை. துணி அவிக்கிற வெள்ளாவி அடுப்பு எரியவில்லை. கம்பெனி வண்டியில் முந்தின நாள் வந்த நாலைந்து மூட்டைகளைக் கரையிலிருந்து தள்ளி, வேப்பமரத்தடியில் பிரித்துப் போட்டிருந்தார்கள். மேஸ்திரி ஒரு குச்சியால் ஒரு தலையணை உறையைத் தூக்கிக் காட்டினார். மூக்கிலிருந்து ஒழுகியதுபோல் ரத்தம் நுரைகட்டிக் காய்ந்திருந்தது. அடுத்ததிலும் அப்படியே. படுக்கை விரிப்புகளில் வேறு கறைகள்.

"இது ஆரு படுத்த துணி, நைனா?" என்றார்.

"கப்பல் துணிதானே, மேஸ்திரி."

"கப்பல் துணின்னா மூலையில கப்பல் பேரு தெச்சிருக்கும். இத்தப் பாரு."

ஒவ்வொரு துணியிலும் பெயர் தைத்திருந்த மூலையைக் கத்தரித்து எடுத்திருந்தார்கள். வண்ணார்கள் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி வைத்திருப்பார்கள். சேங்கொட்டைச் சாற்றால் துணி ஓரத்தில் போடுகிற புள்ளி, கோடு. எத்தனை துவைத்தாலும் அழியாது. கப்பல்களுக்கும் அப்படிக் குறி உண்டு.

"ஆருதுன்னு தெரியாம நா இன்னா குறி போட்றது?" என்றார். "பேர ஏன் வெட்டிகிறாங்க? நீ போய்க் கேட்டுகினு வா. மறைக்காம வந்து சொல்லு. அதுக்கப்புறம் நா சொல்றேன்."

நான் நேரே ஹெட் குமாஸ்தாவிடம் போனேன். பக்கத்தில் யாரும் இல்லையென்று பார்த்துக்கொண்டு, "சிப்பாய்களை ஏற்றி வந்த கப்பல். யுத்த காலத்தில் கப்பல் பெயரை வெளியே விடக்கூடாது. அதில் நோயாளிகள் இருந்தார்களாம். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்றார்.

"இந்தக் காய்ச்சலா?"

"வேறு என்ன காய்ச்சல் இருக்கிறது இப்போது?" என்றார். பிறகு தணிந்த குரலில், "வெள்ளாவியில் வெந்துவிட்டால் எந்த நோயும் நிற்காது என்று சொல்லேன். துவைத்துக் கொடுக்கச் சொல்லப்பா. துரை கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

சாயங்காலம் மறுபடியும் குட்டைக்கரைக்குப் போய், எனக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னேன். வெள்ளாவி விஷயத்தையும் சொன்னேன். மேஸ்திரி கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மகனும் இருந்தான். அன்று அவன் வாயைத் திறக்கவில்லை.

"வெள்ளாவில வெச்சா வெந்துரும், மெய்தான்" என்றார் மேஸ்திரி. "வெள்ளாவில வெக்கிறதுக்கு முன்னால அத்தக் கையில எடுத்துப் பிரிக்கணும், அலசணும். எங்க பொம்பளைங்கதான் அத்தச் செய்வாங்க. வேணாம், நைனா. மத்த துணி எவ்ளோ வேணா அனுப்பச் சொல்லு. இத்த எடுத்துகினு போவச் சொல்லு."

"ஒப்பந்தத்தில் இது வேண்டும், அது வேண்டாம் என்று சொல்ல முடியாது மேஸ்திரி. மறுத்தால் முழுசாகப் போய்விடும்."

"போவட்டும்."

"நான் தாமதம் என்று எழுதட்டுமா? நாலு நாள் ஆகட்டும்."

அவர் தலையை ஆட்டினார். "நாலு நாள் கயிச்சும் நா இதேதான் சொல்வேன். நடந்தத எழுது."

எழுதினேன். ஹெட் குமாஸ்தா 'முறிவு' என்ற அந்தச் சொல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

மறுநாளே மேஸ்திரியின் மைத்துனர் எங்கள் அலுவலக வராந்தாவில் வந்து நின்றார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. செய்தி எப்படியோ காதில் விழுந்திருக்கிறது. கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டை, தோளில் மடித்த துண்டு. மாப்பிள்ளை மாதிரி இருந்தார். நான் அவரைத் தூணோரமாக அழைத்துப் போய், அது நோயாளிகள் படுத்த துணி, அதனால்தான் உங்கள் மச்சான் வேண்டாம் என்றார் என்று சொன்னேன்.

"தெரியும்பா" என்றார். "அவுரு பயப்படுறாரு. ஜொரம் துணி வயியாத்தான் வருதுன்னு ஆரு கண்டது? எங்க தெருவுல கப்பல் துணியத் தொடாதவன்தான் செத்துகினு கீறான். காத்து வயியா வர்றத யாரு கண்டிராக்ட் போட்டு நிறுத்துறது?"

அவர் குரலை இறக்கிக்கொண்டார். "ஊருத்துணி ஒண்ணியும் வர்ரதில்ல இப்ப. வூட்டுக்கு வூடு ஜொரம். எவன் துணி போடுவான்? எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீது. இத்தினி நாளு மச்சான் நெழல்லயே குந்திகினு இருந்தேன். ஒரு தபா நானும் நின்னு பாக்குறேனே."

ஹெட் குமாஸ்தா அவரை உள்ளே கூப்பிட்டு ஒப்பந்தத்தை எழுதிக்கொண்டார். மூட்டைகள் வேப்பமரத்தடியிலிருந்து எதிர்க்கரைக்குப் போயின.

அதற்குப் பிறகு நான் அந்தக் குட்டைக்குப் போனபோதெல்லாம் எதிர்க்கரைக்குத்தான் போகவேண்டியிருந்தது. இந்தக் கரையில் மேஸ்திரியின் ஆட்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். மைத்துனர் பெண்டாட்டி பிள்ளைகளைத் துணியிடம் அண்டவிடவில்லை. தானே பிரித்தார், தானே அலசினார், இரண்டு கையிலும் வேப்பெண்ணெயைப் பூசிக்கொண்டு. மேஸ்திரி தன் தங்கை மூலமாக ஒன்று சொல்லி அனுப்பியிருந்தார்: துவைப்பதாக இருந்தால் துவைக்கட்டும், முதல் அலசல் மட்டும் குட்டைக்குள் வேண்டாம், தண்ணீரை மொண்டு கொண்டுபோய்த் தள்ளி வைத்து அலசட்டும் என்று. முதல் இரண்டு நாள் மைத்துனர் அப்படித்தான் செய்தார். பிறகு மூட்டைகள் மேலும் மேலும் வந்தன. ஒற்றை ஆளாக எவ்வளவு தண்ணீரைச் சுமப்பார்? ஒரு நாள் நான் போனபோது அவர் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்று அலசிக்கொண்டிருந்தார். கலங்கிய தண்ணீர் மெல்லப் பரவி நடுக்குட்டைக்குப் போயிற்று. இந்தக் கரையில் மேஸ்திரியின் மனைவி எழுந்து நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு நான் எழுதிக் கொடுத்த சொல், நடப்பு.

மேஸ்திரியின் மகனுக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நான் போனபோது அவனுக்கு நினைவு தப்பியிருந்தது. உதடும் நகமும் நீலம் பூத்திருந்தன. மூச்சு விடுகிற சத்தம் வாசல்வரை கேட்டது. மேஸ்திரி அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, வெளுத்த அந்தக் கையால் அவன் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தார். மறுநாள் எடுத்துவிட்டார்கள். அந்த வாரத்திலேயே அந்தக் கரையில் இன்னும் மூன்று பேர் போனார்கள். எதிர்க்கரையில், நோயாளித் துணியை நாளெல்லாம் கையால் பிழிந்த மைத்துனருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவர் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

சாவு வீட்டுக்கு மைத்துனர் குடும்பத்தோடு வந்தார். நான் அங்கே இருந்தேன். தெருமுனையில் திரும்பும்போதே அவர் மனைவி தலைவிரிகோலமாக, "என் கண்ணே, என் ராசா" என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள். அண்ணன் மகனைத் தூக்கி வளர்த்தவள். மேஸ்திரியின் மனைவி வாசலுக்கு வந்து அவளை மட்டும் கட்டிக்கொண்டு உள்ளே விட்டாள். பின்னால் வந்த மைத்துனருக்கு எதிரே கையை நீட்டித் தடுத்தாள்.

"நீ வராதே. எங்க தண்ணியில நீ தொவச்சியே, அதான் என் புள்ளயத் தின்னுச்சு."

"இன்னாக்கா சொல்றே? எனக்கு வரலியே அந்த ஜொரம்? நாந்தான அத்தத் தொட்டேன்? எனக்குல்ல மொதல்ல வந்திருக்கணும்?"

"அத்த உன் சாமியக் கேளு."

அவர் மச்சானைப் பார்த்தார். ஒரு வார்த்தை வரும் என்று நின்றார். மேஸ்திரி தலையைத் தூக்கவே இல்லை. மைத்துனர் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு தெருவோடு திரும்பிப் போனார். சுடுகாட்டுக்கும் தூரத்தில் பின்னாலேயே நடந்து வந்து, மதில் அருகே நின்றுவிட்டுப் போனார்.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. அந்த அம்மாளின் துக்கமும் நியாயமானது. தண்ணீர் வழியாக வந்ததா, காற்று வழியாக வந்ததா, சந்தையில் ஒட்டிக்கொண்டதா, யாருக்குத் தெரியும்? பிற்காலத்தில் ஒரு டாக்டர் என்னிடம், அது பெரும்பாலும் இருமலிலும் மூச்சிலும் பரவியது, குட்டைத் தண்ணீரால் வந்திருக்க வழியில்லை என்றார். அதைக் கொண்டுபோய்ச் சொல்ல எனக்கு அப்போது அந்தக் கரையில் யாரும் இருக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் என் மனைவிக்குக் காய்ச்சல் கண்டது. மாதம் நிறையவில்லை. காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதே வலி எடுத்துவிட்டது. மருத்துவச்சி ஒருத்தி மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு வந்து பார்த்தாள். ஆண் குழந்தை. அழவில்லை. நானும் எதிர்வீட்டுக்காரரும் அதை எடுத்துப்போய் அடக்கம் செய்துவிட்டு வந்தோம். என் மனைவி பிழைத்துக்கொண்டாள். கண்ணைத் திறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். கிணற்றடியில் குளிக்காமல் ஒரு நாளாவது உள்ளே வந்தீர்களா என்று அவள் கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று தைரியமாகச் சொல்லியிருப்பேன். அதனால் அவளுக்கு என்ன ஆறுதல் கிடைத்திருக்கும் என்று தெரியவில்லை.

அவள் படுத்திருந்த துணிகளும் பிள்ளை பெற்ற துணிகளும் மூலையில் குவிந்து கிடந்தன. இந்த மாதிரித் துணியை எடுக்க வண்ணார வீட்டிலிருந்து பெண்கள் வருவதுதான் வழக்கம். எங்கள் வீட்டுக்கு வாடிக்கையாக வருகிற அம்மாளுக்கு ஆள் அனுப்பினேன். காய்ச்சல் வீடு என்று வர மறுத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்லமாட்டேன். வீடு நாறியது. வேறு வழி தெரியாமல் நான் குட்டைக்கரைக்கு நடந்தேன். மேஸ்திரியிடம் கேட்கிற எண்ணம் இல்லை. அங்கே வேறு யாராவது வருவார்களா என்று விசாரிக்கத்தான் போனேன்.

மேஸ்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மகன் போய் முப்பது நாள்கூட ஆகவில்லை. நான் நிற்கிற விதத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா நைனா?" என்றார்.

சொன்னேன். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்து நின்று முழுவதையும் கேட்டாள்.

"பொண்ணு எப்டி கீது?" என்றாள்.

"பிழைத்துக்கொண்டாள். பேசுவதில்லை."

அந்த அம்மாள் கொண்டையை இறுக்கி முடிந்துகொண்டு, கொடியில் கிடந்த பழைய சேலையை எடுத்து மடித்துக் கையில் வைத்துக்கொண்டாள். "வா, போலாம்" என்றாள்.

மேஸ்திரி அவளைத் தடுக்கவில்லை. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. "வேண்டாம், அம்மா. அதுவும் காய்ச்சல் துணிதான். கப்பல் துணியையே நீங்கள் வேண்டாம் என்றீர்கள்" என்றேன்.

"அது ஆருதுன்னு கேட்டோம், பேர வெட்டிட்டு அனுப்புனாங்க" என்றார் மேஸ்திரி, நான் எதிர்பாராமல். "இது உன் வூட்டுத் துணி."

வழியெல்லாம் அந்த அம்மாள் எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டாள். உள்ளே இரண்டு பெண்களும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து என் மனைவி வாய்விட்டு அழுகிற சத்தம் கேட்டது. குழந்தை போனதிலிருந்து அவள் அழுதது அப்போதுதான். கூடவே இன்னொரு குரலும் அழுதது. பிறகு அந்த அம்மாள் தான் கொண்டுவந்த சேலையை என் மனைவிக்குக் கட்டிவிட்டு, அழுக்குத் துணிகளை மூட்டையாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமலே படியிறங்கிப் போனாள்.

மழை பெய்யத் தொடங்கியபோது காய்ச்சல் மெல்ல அடங்கிற்று. யுத்தம் முடிந்ததென்று துறைமுகத்தில் கப்பல்கள் எல்லாம் ஒரே சமயத்தில் ஊதின. நான் மறுபடியும் ஒப்பந்தக்காரர்கள் வீடுகளுக்கு நடந்தேன். புது முகங்கள் நிறைய இருந்தன. மைத்துனர் என்னைக் கரையில் நிறுத்தி, "இந்தக் கண்டிராக்ட மச்சாங்கிட்டயே குடுத்துரச் சொல்லுப்பா. எனக்கு வேணாம். எம் பொண்டாட்டி எங்கூடப் பேசி எத்தினியோ நாளாவுது" என்றார். நான் ஹெட் குமாஸ்தாவிடம் சொன்னேன். அவருக்கும் மேஸ்திரிமேல் இரக்கம் இருந்தது, சரி என்றார். சந்தோஷமான செய்தி கொண்டுபோகிறோம் என்று நினைத்துக்கொண்டு நான் மேஸ்திரியிடம் ஓடினேன்.

"வேணாம், நைனா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "என்னைக் கேக்காத. எனக்கு அந்தத் தண்ணியப் பாத்தாலே புள்ள ஞாபகம் வருது."

இரண்டு பேரும் வேண்டாம் என்று விட்டதை எந்தச் சொல்லில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச காலத்தில் கம்பெனி சலவையை, ஊருக்குள் புதிதாக யந்திரம் வைத்து நடத்தத் தொடங்கிய ஒருவரிடம் கொடுத்துவிட்டது. அங்கே போய் விசாரிக்க ஒன்றும் இருக்காது. ஒரு குமாஸ்தா சீட்டை நீட்டுவார், வாங்கிக்கொண்டு வருவேன். மேஸ்திரி கழுதைகளை விற்றுவிட்டார். ஆட்கள் திருவொற்றியூர்ப் பக்கமும் வேறு பக்கமும் பிரிந்து போனார்கள்.

நானும் சில வருஷங்களில் அந்த உத்தியோகத்தை விட்டு ரயில்வேயில் சேர்ந்தேன். எங்களுக்குப் பிறகு ஒரு பெண் பிறந்தாள். ஒரு நாள் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில் வண்டி போவதற்காகக் காத்து நின்றபோது, பக்கத்தில் துணிமூட்டையோடு நின்றவர் என்னைக் கூர்ந்து பார்த்தார். மைத்துனர். தலை நரைத்திருந்தது. அடையாளம் தெரிந்ததும் மூட்டையைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். மேஸ்திரியைப் பற்றிக் கேட்டேன்.

"கீறாரு. கையி ரெண்டும் வெடிச்சுப் போச்சு. தண்ணியில வெக்க முடியாது. வேல வெட்டி ஒண்ணியும் இல்ல. குந்திகினு கீறாரு."

"பேசிக்கொள்கிறீர்களா?"

"இல்லப்பா. இத்தினி வருஷமா ஒரு வார்த்த இல்ல. நல்லது கெட்டதுக்கு எதிர்ல நின்னாலும் மூஞ்சத் திருப்பிக்குவாரு." கீழே கிடந்த மூட்டையைக் காலால் கேட்டோரம் நகர்த்தினார். "ஆனா அவுரு வேட்டி துண்டெல்லாம் நாந்தான் தொவைக்கிறேன். எம் பொண்டாட்டி போய் எடுத்துகினு வருவா. நா தொவச்சு மடிச்சுக் குடுப்பேன், கொண்டுபோய் வெச்சுருவா."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாமயா? அவுரு வெக்காத வெள்ளாவியா? ஒவ்வொரு கையி மடிப்பும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், பாத்தாலே கண்டுக்குவாரு. எடுத்துக் கட்டிக்கிறாராம். ஒண்ணியும் சொல்றதில்லியாம்."

சரக்கு வண்டி நீளமாகப் போய்க்கொண்டே இருந்தது. அவர் கேட் திறந்ததும் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு, தண்டவாளங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார்.